புராஜெக்ட் அறிக்கைக்குச் செயற்கை நுண்ணறிவின் உதவி: எதைச் சொல்லியாக வேண்டும், எதைச் செய்யவே கூடாது?

கேள்வி — கன்னடியன்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் இளங்கலை வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள்; எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். கன்னடியன் கால்வாயில் இருந்து நீர் பெறும் குளங்களில் முற்காலத்தில் தண்ணீரை எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதை இறுதிப் பருவப் புராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அறிக்கையை ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளை நான் மூன்று வேலைகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது பெரியவர்களிடம் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்த ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கவும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவும் முதலில் அதன் உதவியை நாடினேன். அடுத்து, நானே எழுதிய பக்கங்களில் ஆங்கில இலக்கணத்தைத் திருத்தச் சொன்னேன். மூன்றாவதுதான் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. முன்னாய்வுகள் பற்றிய இயலை எழுத நேரம் போதாமல், அதை முழுவதுமாக எழுதித் தரும்படி கேட்டேன். படிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் குறிப்பிட்டிருந்த ஐந்து நூல்களிலும் கட்டுரைகளிலும் இரண்டு எங்கள் கல்லூரி நூலகத்திலும் கிடைக்கவில்லை, இணையத்திலும் கிடைக்கவில்லை. அவை உண்மையில் இருக்கின்றனவா என்று அதனிடமே கேட்டதற்கு, இருக்கின்றன என்றே பதில் வந்தது.

இவற்றில் எதை நான் அறிக்கையில் சொல்லியாக வேண்டும்? சொன்னால் மதிப்பெண் குறையுமா? சொல்லாமல் விட்டுவிடு, யாருக்கும் தெரியப் போவதில்லை என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில் 1 — பாளை ஆசிரியர்

அன்பு மாணவிக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் பல ஆண்டுகளாக வகுப்பெடுத்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் புராஜெக்ட் அறிக்கைகளைத் திருத்துகிறவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மூன்றாவது வேலையைப் பார்ப்போம். அந்த இயலை அப்படியே எடுத்துவிடுங்கள். உங்கள் பெயரில் அதைத் தருவது தவறு. கருவியைப் பயன்படுத்தினேன் என்று ஒரு வரி சேர்த்துவிட்டாலும் அந்தத் தவறு நேராகிவிடாது. முன்னாய்வு இயல் எதற்காகக் கேட்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்தப் பொருளைப் பற்றி உங்களுக்கு முன் யார் என்ன எழுதினார்கள் என்பதை நீங்கள் தேடி, படித்து, அதில் எது உங்கள் வேலைக்கு உதவும் என்று தீர்மானித்திருக்கிறீர்களா என்பதைப் பார்க்கத்தான் அந்த இயலே இருக்கிறது. நீங்கள் படிக்காத நூலைப் படித்ததாகச் சொல்வது பொய்ச் சான்று. இல்லாத நூலைச் சொல்வது அதனினும் மோசம், ஏனென்றால் நாளை உங்கள் அறிக்கையை நம்பி அந்த நூலைத் தேடி இன்னொரு பிள்ளை அலையும்.

இந்தக் கருவிகள் ஏன் இல்லாத நூலைச் சொல்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவை அடிப்படையில் ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரத்தக்கது என்பதைக் கணித்து எழுதிச் செல்பவை. நூலகத்தில் அடுக்கைப் பார்த்து நூலை எடுத்துத் தருவதைப் போன்ற வேலை அது அன்று. சிலவற்றில் இணையத்தில் தேடும் வசதியைச் சேர்த்திருந்தாலும், கடைசியில் எழுதுவது அதே கணிப்புதான். ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு என்று மேற்கோள் குறிப்பு எப்படி இருக்கும் என்பது அவற்றுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அந்த வடிவத்தில் பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை எழுதிவிடுகின்றன. "உண்மைதானா" என்று நீங்கள் திரும்பக் கேட்டாலும், அதே முறையில்தான் அந்தப் பதிலும் உருவாகிறது. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்களுக்கு இதேதான் நேர்ந்தது. சாட்ஜிபிடி சொன்ன, நடக்கவே நடக்காத ஆறு வழக்குகளை அவர்கள் தங்கள் மனுவில் முன்தீர்ப்புகளாகக் காட்டினார்கள். அவை உண்மையான வழக்குகளா என்று அவர்களும் கருவியிடமே கேட்டு, ஆம் என்ற பதிலைப் பெற்றிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. படித்துத் தேறிய வழக்கறிஞர்களே விழுந்த குழி என்பதால், நீங்கள் உங்களை அளவுக்கு மீறி நொந்துகொள்ள வேண்டாம். சமர்ப்பிக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டீர்கள் அல்லவா?

இரண்டாவது வேலை, அதாவது ஆங்கிலத்தைத் திருத்துவது, என் கருத்தில் ஏற்கத்தக்கது. நீங்கள் எழுதுவது வரலாற்று அறிக்கை. அதில் சோதிக்கப்படுவது உங்கள் ஆங்கில இலக்கணம் அன்று. ஆங்கிலத் துறை மாணவி ஒருத்தி கட்டுரைப் பயிற்சிக்கு இதையே செய்தால் என் பதில் வேறாக இருக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: திருத்தச் சொன்னால் அது திருத்தத்தோடு நிற்பதில்லை, கருத்தையும் மாற்றிவிடும். "பெரும்பாலும் இப்படி நடந்திருக்கலாம்" என்று நீங்கள் தயங்கி எழுதியதை "இப்படித்தான் நடந்தது" என்று ஆக்கிவிடும். வரலாற்றில் அந்தத் தயக்கத்துக்கு மதிப்பு உண்டு. திருத்திய பக்கத்தையும் உங்கள் பழைய பக்கத்தையும் அருகருகே வைத்து வரிவரியாகப் பாருங்கள்.

முதல் வேலையைத்தான் உங்கள் நண்பர்கள் யாரும் பெரிதாக எண்ணமாட்டார்கள். எனக்கோ அதுவே பெரிய கவலை. சென்ற ஆண்டு என்னிடம் ஒரு மாணவர் இதே போன்ற ஓர் அறிக்கையைக் கொண்டுவந்தார். ஒரு பெரியவர், "ஐப்பசி கார்த்திகையில மறுகால் பாஞ்சாத்தான் பிசானம் கரையேறும்" என்று சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. குளம் நிறைந்து உபரி நீர் வெளியேறும் இடம் மறுகால். பிற மாவட்டங்களில் அதைக் கலிங்கு என்பார்கள். கார், பிசானம் என்பவை தாமிரபரணிப் பாசனத்தின் இரு பருவங்கள். கருவி தந்த மொழிபெயர்ப்பிலோ மறுகால், கால்வாயின் மறுபக்கமாகிவிட்டது. பிசானம், பாசனமாகிவிட்டது. பயிர் தப்பிப் பிழைக்கும் என்ற பொருளில் வந்த "கரையேறும்" என்பது, தண்ணீர் கரைமேல் ஏறி வழியும் என்று ஆகிவிட்டது. ஒரு வெள்ளச் செய்தியைப் போல இருந்தது அந்த வாக்கியம். இன்னோரிடத்தில் பருவங்களின் பெயர்களைக் குறுவை, சம்பா என்று காவிரிக் கரைக்குக் கொண்டுபோய்விட்டிருந்தது. எல்லாவற்றிலும் எனக்கு மனம் வலித்தது, "குளம்" என்ற சொல்லுக்கு வீட்டுப் பின்புறத்துச் சிறு குட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போட்டிருந்ததுதான். நூற்றுக்கணக்கான ஏக்கரை நனைக்கும் ஒரு நீர்நிலை, அந்த ஒரு சொல்லில் சுருங்கிப் போய்விட்டது.

பெரியவர்களின் வாய்மொழிதான் உங்கள் ஆய்வின் மூலச் சான்று. ஒவ்வொரு பதிவையும் நீங்களே மறுபடி கேட்டு, எழுத்தாக்கத்தை வரிக்கு வரி சரிபாருங்கள். வட்டாரச் சொற்களைத் தமிழிலேயே வைத்து அடிக்குறிப்பில் விளக்குங்கள்.

விதிகளைப் பற்றிக் கேட்பீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகள், ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாகத் தண்டனை என்று சொல்கின்றன. ஆனால் அவை முதுகலை, ஆய்வுப் பட்ட ஆய்வேடுகளுக்கும் வெளியீடுகளுக்கும் உரியவை. வகுப்பு ஒப்படைப்புகளையும் புராஜெக்ட் அறிக்கைகளையும் அந்த விதிமுறைகளே விலக்கி வைத்திருக்கின்றன. மேலும் அவை பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமையை அளப்பவை. புதிதாக எழுதித் தரும் கருவியின் எழுத்து அந்த அளவுகோலில் பெரும்பாலும் சிக்காது. ஆகவே உங்கள் நிலையில் முடிவு செய்ய வேண்டியவர்கள் உங்கள் துறையும் வழிகாட்டி ஆசிரியரும்தான். சமர்ப்பிப்பதற்கு முன்பே அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

அறிக்கையில் இப்படி எழுதலாம்: "ஒன்பது நேர்காணல்களின் முதல் எழுத்தாக்கத்துக்கும், இயல்கள் இரண்டு, நான்கு, ஐந்து ஆகியவற்றின் ஆங்கில இலக்கணத் திருத்தத்துக்கும் இன்ன கருவி, இன்ன மாதத்தில் பயன்படுத்தப்பட்டது. எழுத்தாக்கம் முழுவதும் மூல ஒலிப்பதிவோடு என்னால் ஒப்பிட்டுத் திருத்தப்பட்டது. பிழைகள் இருப்பின் அவற்றுக்கு நானே பொறுப்பு." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வெளியீட்டு நெறிகளுக்கான பன்னாட்டுக் குழு ஒன்று 2023 பிப்ரவரியில், இத்தகைய கருவியை ஆசிரியராகக் குறிப்பிடக் கூடாது என்று சொன்னதற்கும் காரணம் இதுதான். எழுத்துக்குப் பொறுப்பேற்க அதனால் முடியாது.

பதில் 2 — அம்பை பொறியாளர்

ஐயா சொன்னதில் மொழிபெயர்ப்புப் பற்றிய பகுதியை முழு மனத்தோடு ஏற்கிறேன். நான் அம்பாசமுத்திரத்துக்காரன், இப்போது பெங்களூரில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். இந்தக் கருவிகள் பெரும்பாலும் இணையத்தில் உள்ள எழுத்தைக் கொண்டே பயிற்றுவிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் அதில் தமிழ் மிகக் குறைவு, அந்தத் தமிழிலும் நம் வட்டாரச் சொற்கள் இன்னும் குறைவு. பிசானத்தைவிடக் குறுவையும் சம்பாவும் அதற்கு அதிகம் பழக்கமாக இருந்திருக்கும் என்பது என் அனுமானம்.

ஆனால் ஒன்றில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆங்கிலத் திருத்தத்தை ஏன் அறிவிக்க வேண்டும்? எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நாள்தோறும் இந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறோம், யாரும் ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு எழுதுவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரிந்த அப்பாவோ அத்தையோ இரவெல்லாம் உட்கார்ந்து அறிக்கையைத் திருத்திக் கொடுக்கிறார்கள். அதை எந்தக் கல்லூரியும் எழுதிக் கொடுக்கச் சொல்வதில்லை. அந்த அப்பாவோ அத்தையோ இல்லாத பிள்ளைக்கு இப்போதுதான் ஒரு துணை கிடைத்திருக்கிறது. அதை மட்டும் அறிவி என்றால், அந்தப் பிள்ளையின் அறிக்கைமேல்தான் சந்தேகம் விழும். நானும் தமிழ்வழியில் படித்தவன். முதல் ஆண்டில் என் ஆங்கிலத்தைக் கேட்டு வகுப்பு சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. தங்கச்சி, இலக்கணத் திருத்தத்தைச் சொல்லிக்கொள்ள வேண்டிய கடமை உனக்கு இல்லை என்பதே என் எண்ணம்.

பதில் 3 — பொதிகை ஆய்வாளர்

அண்ணா சொல்வதில் உள்ள நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.

முதுகலைப் படிப்பின்போது ஒரு கட்டுரையை முழுக்க நானே எழுதிக் கொடுத்தேன். நான் படித்த கல்லூரியில் அதை ஒரு கண்டறியும் மென்பொருளில் போட்டுப் பார்த்து, பெரும்பகுதி கருவி எழுதியது என்று முடிவு கட்டினார்கள். நான் சிறு வாக்கியங்களாக, எனக்குத் தெரிந்த எளிய ஆங்கிலச் சொற்களால் எழுதியிருந்தேன். அதுவே எனக்கு எதிரான சான்றாகிவிட்டது. அப்போது இந்த மென்பொருள்களைப் பற்றித் தேடிப் படித்தேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. அவர்கள் சோதனையிலேயே, இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் அது சரியாகக் கண்டறிந்தது; மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டை இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கண்டறியும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 விழுக்காட்டை அவை இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகச் சொல்லியிருந்தன. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளையோ அவை ஏறத்தாழச் சரியாகவே கணித்தன. அந்த எண்களைப் படித்த இரவு நான் அழுதேன்.

என்னைக் காப்பாற்றியது என் நோட்டுப் புத்தகம். அடித்தல் திருத்தலோடு கையால் எழுதிய முதல் வரைவை எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் முன் உட்கார்ந்து, ஒவ்வொரு பத்தியும் எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

ஆகவே தங்கையே, களக்குறிப்பேடு, ஒலிப்பதிவுகள், நீ கைப்பட எழுதிய வரைவுகள், கருவியிடம் நீ கேட்ட கேள்விகளும் அது தந்த பதில்களும், இவை எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வை. கூகுள் டாக்ஸில் தட்டச்சு செய்தால் திருத்த வரலாறு தானாகவே பதிவாகும். அண்ணா சொன்ன அந்தச் சந்தேகம், ஏழைப் பிள்ளைமேல் எப்படியும் விழத்தான் செய்கிறது. நாமே முதலில் சொல்லிவிட்டால், கண்டுபிடித்துவிட்டோம் என்று யாரும் நம்மை நிற்க வைக்க முடியாது.

பதில் 4 — பாளை ஆசிரியர்

பொறியாளர் தம்பியின் கேள்விக்கு ஒரு சொல். ஆங்கிலம் தெரிந்த பெற்றோரின் உதவியைக் கல்லூரிகள் கேட்காமல் விட்டது எங்கள் தவறு. உங்கள் பதிலைப் படித்த பிறகு இதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு முதல், அண்ணன் திருத்தினாலும் ஆசிரியர் திருத்தினாலும் கருவி திருத்தினாலும் ஒரே படிவத்தில் எல்லா மாணவர்களும் எழுத வேண்டும் என்று எங்கள் துறைக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். அப்போது அது குற்ற ஒப்புதல் போலத் தோன்றாது. அலுவலக ஒப்பீட்டை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உங்களிடம் அலுவலகம் கேட்பது ஓடும் நிரல். அது யார் கையால் வந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. இந்தப் பிள்ளையின் அறிக்கை நாளை அலமாரியில் தூங்கப் போகிறது என்பது எனக்குத் தெரியும். அதை எழுதும்போது அவள் கற்றுக்கொள்வதற்காகத்தான் அதைக் கேட்கிறோம்.

பதில் 5 — நூலகத்தார்

மாவட்டத்தில் ஒரு நூலகத்தில் பணியாற்றுகிறேன். முன்னாய்வுக்கு உதவக்கூடிய, உண்மையிலேயே இருக்கிற நூல்களில் இருந்து தொடங்குங்கள். 1879இல் வந்த ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி மாவட்டக் கையேடு, 1881இல் வந்த கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு, 1917இல் வந்த பேட்டின் மாவட்ட கெசட்டியர் ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா தளம் இருக்கிறது. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஒரு நூலின் பெயரைக் கருவி சொன்னால், அந்த நூலின் பக்கத்தை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை அதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இங்கே யாரும் சொல்லாத ஒன்றையும் கேட்க விரும்புகிறேன். அந்த ஒன்பது பெரியவர்களின் குரலை ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அது அவர்களுக்குத் தெரியுமா? நீர்ப் பங்கீடு என்றால் பழைய சண்டைகள், குடும்பப் பெயர்கள், யார் யாருடைய மடையை இரவில் திறந்தார்கள் என்பதெல்லாம் பேச்சில் வந்திருக்கும். அவர்கள் உங்கள் முகத்துக்காகப் பேசியவர்கள். மீண்டும் போய்ச் சொல்லி, சம்மதம் பெறுங்கள். வேண்டாம் என்று யாராவது சொன்னால், கருவியில் உள்ள அவருடைய பதிவை அழித்துவிட்டு, நீங்களே கேட்டு எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர் — கன்னடியன்கரை

ஐயா, அண்ணா, அக்கா, அம்மா, உங்கள் எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை என் வழிகாட்டி ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. அறிவிப்பை முன்னுரைக்கு முன் தனிப் பக்கமாகப் போடச் சொன்னார். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றிக் கேட்பேன் என்றும் சொன்னார். மதிப்பெண் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

மூன்றாம் இயலை நீக்கிவிட்டேன். கருவி எழுதித் தந்தது பதினான்கு பக்கம். நான் படித்து எழுதியது நான்கு பக்கம்தான் வந்தது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் பாண்டியர்களே கட்டினார்கள் என்று அது எழுதியிருந்ததை நான் முன்பு கவனிக்கவே இல்லை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது என்று எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஆறு பேரைப் போய்ப் பார்த்துவிட்டேன். ஐந்து பேர் சம்மதித்தார்கள். ஒரு பாட்டி வேண்டாம் என்றார், அவருடைய பதிவைக் கருவியில் இருந்து அழித்துவிட்டேன்.

மூன்று இரவுகள் உட்கார்ந்து எல்லாப் பதிவுகளையும் மறுபடி கேட்டேன். மறுகால் பதினொரு இடங்களில் தவறாக இருந்தது. ஒரு பதிவில், கோடையில் தண்ணீர் குறையும்போது எந்த மடைக்கு முதலில் நீர் விடுவார்கள் என்று ஒரு தாத்தா சொல்லும் இடத்தில் பேருந்தின் ஒலிப்பான் சத்தம் குறுக்கே வந்து, ஒரு சொல் கேட்கவே இல்லை. கருவி தந்த எழுத்தாக்கத்தில் அந்த இடத்தில் இடைவெளியே இல்லை; "மேலமடை" என்று அழகாக நிரப்பியிருந்தது. அதை நம்பி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவர் உண்மையில் எந்த மடையைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பத்தமடையில் மகள் வீட்டில் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பேருந்தில் போய் அவரிடமே கேட்கப் போகிறேன்.